நாலு புள்ளி ரெண்டு

அத்தாணிப் பக்கம் எங்கள் பால் சொசைட்டியில்
காலை ஐந்தரைக்கு மெஷின் போடுவது நான்தான்.
சாம்பிளை நுழைத்தால் எண் வரும்.
நாலு புள்ளி ரெண்டு. மூணு புள்ளி ஒன்பது.
"அம்மிணி, சித்தெ சேத்திப் போடுங்" என்பார்கள்.
எண்ணுக்கு ஒறம்பரை கிடையாதுங்க என்பேன்.
பதினேழு வருஷம்.

இடது காறை எலும்புக்கு மேலே
ஓர் எலுமிச்சை உட்கார்ந்திருந்ததை
ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த பூங்கோதைதான்
முதலில் தொட்டாள்.
வலி இல்லை. அமுக்கினால் வழுக்கியது.

சீர்ப் பந்தியில் நெய் ஊற்றித் தின்ற அன்று
பொழுதோட வீங்கும்.
புரட்டாசிச் சனிக்கிழமை ஒருசந்தி இருந்தால்
அடங்கிக் கிடக்கும்.
கோபி டாக்டரிடம் இதைச் சொன்னேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
தைராய்டு என்றார்; ரத்தம் எடுத்தார்கள், இல்லை.
டி.பி. என்றார் அடுத்தவர்; சளி பார்த்தார்கள், இல்லை.
மூன்றாமவர் பெயர் எதுவும் சொல்லாமல்
"வயித்துல கட்டி கிட்டி இருந்துதா?" என்று
என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கேட்டார்.
அன்றிரவு அவர் கிடாரிக் கன்றுக்கு விலை பேசினார்,
எனக்குக் கேட்காத மாதிரி
பொடக்காளியில் நின்று.

கோயமுத்தூர், அவிநாசி ரோடு, ஆறாவது மாடி.
ஜெசிந்தா என்றொரு சின்ன டாக்டர்
ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினாள்.
சீழ் வருமென்று அவள் பஞ்சு வைத்திருந்தாள்.
ரத்தம் வருமென்று நான் கண்ணை மூடியிருந்தேன்.
வந்தது வெள்ளை.
சிரிஞ்ச் நிறைய, கறந்த மாதிரி.
அறையில் யாரும் பேசவில்லை.
நான்தான் கேட்டேன்:
"ஃபேட் எத்தனைங்க?"

சிரித்தாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்தி
அதையேதான் பார்க்கச் சொல்லி எழுதினாள்.
மறுநாள் லேப் காகிதத்தில் கொழுப்பு எண்ணுக்குக் கீழே
ரெண்டு கோடு.

பால் இல்லையாம். நான் தின்றதுதானாம்.
குடலில் கிளம்பி, முதுகெலும்பை ஒட்டி,
உணவுக்குழாய்க்குப் பின்னால் ஏறி
இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கும் வாய்க்கால்
எல்லாருக்கும் உண்டாம்,
வேப்பங்குச்சி கனத்தில்.
எனக்கு, கலக்கிற இடத்துக்கு ஓரடி முன்னால் என்பது போல,
கரை மெலிந்து பை தட்டி நிற்கிறது.
"நான் படிச்சதோட சரிங்க. பாத்ததில்ல" என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

ஆனாலும் ஒரு வெசனம்.
எங்கள் அரக்கன்கோட்டை வாய்க்கால் பள்ளத்துக்கு ஓடும்.
இது எப்படிங்க மேட்டுக்கு ஏறுது?
"நீங்க மூச்சு இழுக்கறீங்கல்ல, அதுதான் இழுக்குது."
எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்து
மூச்சைப் பிடி, விடு என்று குரல் வந்தபோதெல்லாம்
மடை திறந்து மூடினேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரவு
ஒரு டம்ளர் க்ரீம் கொடுத்தார்கள்.
கொழுப்பு ஓடினால்தான் வெட்டும்போது
வாய்க்கால் வெள்ளையாகத் தெரியுமாம்.
வாயில் வைத்ததும் சொல்லிவிட்டேன்: எருமை.
நர்சுக்குத் தெரியவில்லை.

பையை எடுத்து, வரும் வழியைக் கட்டினார் சர்ஜன் மெய்யரசன்.
கட்டினால் பாய்ச்சல்?
"உடம்பு கொப்பு வாய்க்கா வெட்டிக்கும்."
அவருக்கு ஊர் காங்கயம். காடு இருக்கும்போல.

பிறகு நாலு நாள் வெறும் சோறும் ரசமும்.
கழுத்திலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு பாட்டில்.
முதலில் சிவப்பு, அப்புறம் சோளத்தட்டு நிறம்.
வெள்ளை வந்தால் கட்டு விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் காலை, சோதித்துப் பார்க்க,
முழுப் பால், ஒரு டம்ளர்.
குடித்தேன்.
அவர் ஜன்னலோரம் நின்று போனில்
கன்றை விற்பதற்கில்லை என்று யாரிடமோ சொன்னார்,
இன்னும் ஒன்றும் தெரியாதபோதே.

நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பது மணி. பதினொன்று.
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்,
பதினேழு வருஷப் பழக்கம்.
டூட்டி டாக்டர் வருவதற்குள்
சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன்:
சைபர்.